லோவெல் நெஸ்பிற்றும் அவர்தம் பெருமலர்களும்

ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்ரனிலே, ஜனாதிபதி மாளிகைக்கு அண்மையில், 17ஆம் தெருவில், வெண்சலவைக்கல்லாலான ஒரு பெருங்கட்டடம் உண்டு. அதன் வாயிலின்மேல் ‘கலைக்கென அர்ப்பணிக்கப்பட்டது’ என்று பொருள்படும் தொடர் கல்லிலே செதுக்கப்பட்டிருக்கின்றது. வங்கித் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் கோர்க்கொரன் என்பவர் 1869ஆம் ஆண்டில் நிறுவிய ஓவியக்கூடம் நெடுங்காலம் இக்கட்டடத்திலே இயங்கியது. அங்கிருந்து சிறிது வடக்கே, டியூப்பொன்ற் வட்டத்தின் அருகில், வேறோர் ஓவியக்கூடம் உண்டு. அது மாளிகையன்று, ஒரு குடும்பத்தின் இல்லம். தந்தையையும் தமையனையும் அடுத்தடுத்து இழந்த டங்கன் பிலிப்ஸ் என்பவர், அவர்கள் நினைவாகத் தம் வீட்டின் ஒரு பகுதியை 1921ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிட்டார். அமெரிக்காவிலே புதுமைக்கால ஓவியத்துக்கென அமைந்த முதல் நூதனசாலை இதுவே.

லோவெல் நெஸ்பிற் என்னும் ஓவியரின் வாழ்க்கை இவ்விரு கூடங்களுக்குமிடையே நடந்த ஒன்று எனலாம். முதற்கூடம் 1964ஆம் ஆண்டில் அவர்தம் மலரோவியங்களைக் காட்சிக்கு வைத்து அவருக்கு ஒரு பெயரைத் தந்தது. இரண்டாவது கூடத்தில் அவர் இளமையிலே இராக் காவலாளராகச் சம்பளம் பெற்றிருந்தார். 1989ஆம் ஆண்டில், முதற்கூடத்துக்கெனத் தம் மரணசாசனத்தில் எழுதிவைத்திருந்த பதினைந்து இலட்சம் டொலர் பெறுமதியான கொடையை அவர் மீட்டுக்கொண்டு, அதனை இரண்டாவது கூடத்துக்கு உரியதாக்கினார். பூ வரைபவர் என்றே பலரும் அறிந்திருந்த ஒருவர், பூவோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு வழக்கில் இத்துணைத் துணிவாக இறங்கியது எங்ஙனம் என்பதை அவருடைய தொழில் வரலாற்றின் வழியே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெஸ்பிற் 1933ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 4ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்திலே பிறந்தார். பிலடெல்பியாவிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைலர் கலைக்கல்லூரியிற் கற்று 1955ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, றோயல் கலைக்கல்லூரியில் ஓராண்டு பயின்றார். அங்கு அவர் தேர்ந்துகொண்ட பாடங்கள் இரண்டு. ஒன்று வண்ணக் கண்ணாடி வேலை. மற்றது அமிலச் செதுக்கு அச்சு. ஓவியராக விரும்பும் ஓர் இளைஞர் இவ்விரு கைத்தொழில்களையும் நாடியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அவர் பிற்காலத்தில் வரைந்தவற்றை நோக்குமிடத்து இவ்வோராண்டுப் பயிற்சி வீண்போகவில்லை என்றே தோன்றுகின்றது.

அமிலச் செதுக்கு என்பது யாது? செப்புத் தகட்டின்மேல் அமிலம் புகாத மெழுகுப் பூச்சொன்றைப் பூசுவர். அதன்மேல் ஊசியாற் கீறி உருவத்தை வரைவர். பின்னர்த் தகட்டை அமிலத்தில் அமிழ்த்தினால், பூச்சு நீங்கிய கீறல்களை மாத்திரம் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை அகற்றி, மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்துப் பொறியிலிட்டு அழுத்த, மை தாளுக்கு ஏறும். படம் இடம் வலமாக மாறியே வரும். இத்தொழிலில் அவசரத்துக்கு இடமில்லை. தூரிகையால் வரைபவர் பிழையை மேற்பூச்சால் மறைத்துவிடலாம். அமிலம் அரித்த கோட்டை எளிதில் அழிக்க இயலாது. ஆகவே எக்கோடு வேண்டும், எக்கோடு வேண்டா என்று முன்னரே துணியும் பழக்கம் அச்சோவியருக்கு உண்டாகின்றது. வண்ணக் கண்ணாடி வேலையிலோ, ஒவ்வொரு நிறத்துண்டையும் கரிய ஈயக்கோடு சூழ்ந்து நிற்கும். ஒளி பின்னிருந்து வரும். நெஸ்பிற்றின் மலர்களிற் பல இருண்ட வெளியிலே தனித்து, தாமே ஒளி விடுவனபோற் காணப்படுவதற்கு இக்கண்ணாடிப் பயிற்சி ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம்.

அவர் தொழில் தொடங்கிய காலத்தில் அமெரிக்க ஓவியவுலகை ஆண்டது உருவமற்ற ஓவியம். பொருள்களை வரைதல் பழைமையோர் செயல் என்று இளைஞர் எண்ணியிருந்தனர். நெஸ்பிற்றும் அவ்வழியிலேயே சென்றார். 1962ஆம் ஆண்டிலே றொபேட் இந்தியானா என்னும் ஓவியரைச் சந்தித்தபின், அவர்தம் தூண்டுதலால், உருவங்களை உள்ளவாறே வரையத் தொடங்கினார். ‘அன்பு’ என்று பொருள்படும் நான்கு ஆங்கில எழுத்துக்களை இரண்டிரண்டாக அடுக்கி, ஓர் எழுத்தை மாத்திரம் சரித்து வரைந்து உலகப்புகழ் பெற்ற அதே இந்தியானாதான் இவர். 1973ஆம் ஆண்டில் அவ்வெழுத்தோவியத்தை அமெரிக்கத் தபாற்பகுதி முத்திரையாக வெளியிட்டது. நெஸ்பிற்றின் பூக்களும் எட்டாண்டுகளின் பின் முத்திரையாயின. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

மலரைப் பேருருவாக வரைந்தவருள் நெஸ்பிற் முதல்வர் அல்லர். அப்பெருமை ஜோர்ஜியா ஓகீஃப் அம்மையாருக்கு உரியது. 1887ஆம் ஆண்டிற் பிறந்து 1986 வரை வாழ்ந்த அவ்வம்மையார், 1924ஆம் ஆண்டளவிலே பெற்றூனியா மலரொன்றைப் பெருக்கி வரைந்து இத்துறையைத் தொடங்கினார். பூ சிறியது, பார்ப்பதற்கு நேரம் வேண்டும், நகரமாந்தருக்கு அந்நேரம் இல்லை, ஆகவே அவர்கள் திகைத்து நிற்கும் அளவுக்குப் பெரிதாக வரைந்தேன் என்ற கருத்துப்பட அவர் கூறியுள்ளார். திறனாய்வாளர் சிலர் அம்மலர்களிலே பெண்ணுடலையே கண்டனர். அம்மையார் அதனை ஒருபோதும் ஒப்பவில்லை. நீங்கள் கொண்டுவந்த எண்ணங்களை என் பூவின்மேல் ஏற்றுகின்றீர்கள் என்று மறுத்துரைத்தார். 1932ஆம் ஆண்டில் அவர் வரைந்த வெள்ளை ஊமத்தம்பூ ஒன்று, 2014ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஏலத்தில் நான்கு கோடியே நாற்பத்துநான்கு இலட்சம் டொலருக்கு விலைப்பட்டது. வேலியோரத்தில் ஒருவரும் கவனியாத செடியின் பூ அது என்பதை நம்மூர் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பிலிப்ஸ் கூடத்திலே ஓகீஃப் அம்மையாரின் ஓவியங்களும் உள்ளன. இளைஞராகிய நெஸ்பிற் அங்கே இராக்காவல் செய்தவர். பகலிலே கூட்டத்தோடு நின்று ஓவியம் பார்த்தல் வேறு. இரவிலே ஒருவருமில்லாத அறைகளில் விளக்கோடு சுற்றிவந்து, அதே ஓவியங்களை மீண்டும் மீண்டும் பார்த்தல் வேறு. 1923ஆம் ஆண்டில் டங்கன் பிலிப்ஸ் 1,25,000 டொலர் கொடுத்து வாங்கிய றெனுவாவின் படகு விருந்து ஓவியமும் அவ்வீட்டிலேயே இருந்தது. அங்கே தாம் பார்த்தவையே தமக்கு ஊக்கமளித்தன என்பதை நெஸ்பிற் பிற்காலத்திலும் மறவாது எடுத்துரைத்தார். ஓவியப் பள்ளிகள் இரண்டிற் கற்றவர், காவலாளர் வேலையையும் ஒரு பள்ளியாக மதித்தது நோக்கற்பாலது.

1964ஆம் ஆண்டில் கோர்க்கொரன் கூடம் நெஸ்பிற்றின் ஓவியங்களுக்குத் தனிக்காட்சி அமைத்தது. நூதனசாலையொன்றில் அவருக்குக் கிடைத்த முதற்காட்சி அது. தாவரங்களும் மலர்களுமே அதிற் பெரிதும் இடம்பெற்றன. அதே ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கிலே அன்டி வோர்ஹோல் தம் ‘பூக்கள்’ வரிசையைக் காட்சிக்கு வைத்தார். வோர்ஹோல் எடுத்துக்கொண்டது, புகைப்படச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்திருந்த செவ்வரத்தம்பூப் படம். அதனைத் தட்டையாக்கி, இயற்கையில் இல்லாத நிறங்களையிட்டு, பட்டுத்திரை அச்சால் நூற்றுக்கணக்கிற் பெருக்கினார். படத்தைப் பிடித்த பெண்மணி பின்னர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். ஒரே ஆண்டில் இரு ஓவியர் பூவை எடுத்தனர். எடுத்த முறையோ நேர் எதிரானது. வோர்ஹோலின் பூ எந்தப் பூவாகவும் இருக்கலாம்; கடதாசி ஒட்டிய சுவர்போல அது எங்கும் பரவும். நெஸ்பிற்றின் பூவோ இன்ன பூ என்று பெயர் சொல்லத்தக்கது. ஐரிஸ், ரோஜா, லில்லி, ரியூலிப், ஓர்க்கிட் என்பவற்றுள் ஒன்றை எடுத்து, மனிதருடைய முகத்தை வரைவதுபோல, அதன் ஒவ்வொரு மடிப்பையும் நரம்பையும் அவர் வரைவார்.

ஓகீஃப் அம்மையாருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்குக் கூறுதல் தகும். அம்மையார் பூவை மிக நெருங்கிச் சென்று வரைபவர். இதழ்கள் சட்டத்தின் விளிம்பைக் கடந்து வெளியே போய்விடும். பார்ப்பவர் பூவின் உள்ளே நிற்பதுபோன்ற மயக்கம் உண்டாகும். நெஸ்பிற் பெரும்பாலும் பூவை முழுமையாக நிறுத்துவார். பின்னே தோட்டமில்லை, வானமில்லை, பூச்சாடியில்லை. ஆளுயரத்தையும் மிஞ்சிய கித்தானிலே ஒரேயொரு மலர் எதிர்நிற்கும். அம்மையாரின் பூவுக்குள் நாம் நுழைகின்றோம். நெஸ்பிற்றின் பூவோ நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது.

இங்கே ஓர் ஐயம் எழும். நூல்களிலும் சஞ்சிகைகளிலும் இவ்வோவியங்களின் பிரதிகளைப் பார்ப்போருக்கு அவை உள்ளங்கை அளவினவே. ஆறடி உயரமுள்ள லில்லியும் ஆறங்குல லில்லியும் அச்சுத்தாளில் ஒன்றாகிவிடுகின்றன. அவ்வாறாயின் பேருருவம் என்பது எங்கே போயிற்று? நெஸ்பிற்றின் அச்சோவியங்கள் இதற்கு விடை தருகின்றன. அவர் ஓவியர் மாத்திரமல்லர். தம் வாழ்நாள் முழுவதும் அச்சோவியங்களையும் ஆக்கியவர். அமிலச் செதுக்கோடு கல்லச்சிலும் பட்டுத்திரை அச்சிலும் அவர் மலர்களை வெளியிட்டார். கல்லச்சு, எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் எளிய உண்மையின்மேல் அமைந்தது. பவேரியாவிலே அலோயிஸ் செனபெல்டர் என்பவர் 1796ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தது. பட்டுத்திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு திரை வேண்டும். இதழின் நிழல் ஒரு திரை, அதன் ஒளி வேறொரு திரை, மகரந்தத்தின் மஞ்சள் மற்றொரு திரை என, ஒரு பூவைப் பல நிறத்தளங்களாகப் பிரித்துப் பின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அச்சுப்பொறியும் தாளும் இடந்தரும் அளவுக்கே படம் அமையலாகும். ஆகவே கித்தானில் ஆளுயரம் நின்ற பூ, தாளிலே சுருங்கியே ஆகவேண்டும். ஆனால் நெஸ்பிற்றின் அச்சுகளைப் பார்ப்போருக்குப் பூ சுருங்கியதாகத் தோன்றுவதில்லை. காரணம், அதனோடு ஒப்பிட்டு அளப்பதற்கு வேறொரு பொருளை அவர் படத்தில் விட்டுவைப்பதில்லை. பேருருவம் அடிக்கணக்கில் இல்லை. சட்டத்துக்குள்ளே அப்பூவைத் தவிர வேறொன்றுக்கும் இடங்கொடாத உறுதியில் இருக்கின்றது.

இவ்வுறுதியை அவர் பூவுக்கு மட்டும் உரியதாக்கவில்லை. இதனை அறியாதோரே அவரைப் பூ ஓவியர் என்று கூறி நிறுத்திவிடுவர். 1960களின் நடுவிலே அவர் ஐ. பி. எம். நிறுவனத்தின் கணனிகளை வரைந்தார். அக்காலத்துக் கணனி ஓர் அறையை நிரப்பும் இரும்புப் பெட்டி. அழகுப் பொருளென்று எவரும் அதனைக் கருதவில்லை. நெஸ்பிற் அதனை ஒரு மலரை எதிர்கொள்ளும் அதே அமைதியோடு, ஆளரவமற்ற வெளியில் நிறுத்தி வரைந்தார். குவிந்துகிடக்கும் சப்பாத்துகள், உடுப்பவரில்லாத உடைகள், ஓவியர் இல்லாத ஓவியச்சாலைகள், நியூயோர்க் நகரத்தின் பழைய வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள், பாலங்கள், இடிந்த பண்டைத் தூண்கள், ஊர்வன, தாம் வளர்த்த நாய்கள் ஆகியனவும் அவருக்குப் பொருளாயின. ஓவியர் இல்லாத ஓவியச்சாலை என்பது சிந்திக்கற்பாலது. ஏணியும் தூரிகைகளும் காலியான நாற்காலியும் இருக்கும், உரியவர் இருக்கமாட்டார். ஆயினும் அவர் எத்தகையவர் என்பதை அவ்வறையே சொல்லும். இரவிலே வெறுமையான மாடங்களைச் சுற்றிவந்த காவலாளரின் கண் இது என்று கூறின் மிகையாகாது.

விண்வெளியும் அவரை அழைத்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, 1962ஆம் ஆண்டில் அதன் தலைவர் ஜேம்ஸ் வெப் முன்வைத்த யோசனையின்படி, ஓவியர்களை ஏவுதளங்களுக்கு வரவழைத்துப் படம் வரையச்செய்யும் திட்டமொன்றை நடத்தியது. ஆயிரம் புகைப்படக் கருவிகள் இருக்கும் இடத்தில் ஓவியர் எதற்கு என்று வினவலாம். கருவி எல்லாவற்றையும் பதிவுசெய்யும். ஓவியர் வேண்டியதைத் தெரிந்தெடுப்பர் என்பதே அத்திட்டத்தை நடத்தியோரின் கருத்து. ஓவியருக்குக் கிடைத்த சன்மானமோ 800 டொலர் அளவினதே. நெஸ்பிற் அப்பலோ 9, அப்பலோ 13 ஆகிய இரு பயணங்களுக்கும் ஓவியராக அமைந்தார். 1969ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த அப்பலோ 9 சந்திரனுக்குச் செல்லவில்லை. சந்திரனில் இறங்கவிருந்த கலத்தைப் பூமியைச் சுற்றிவந்தே சோதித்தது. 1970ஆம் ஆண்டு ஏப்பிரிலிற் புறப்பட்ட அப்பலோ 13, ஒட்சிசன் கலமொன்று வெடித்தமையாற் சந்திரனில் இறங்காது திரும்பியதை யாவரும் அறிவர். 363 அடி உயரமுள்ள ஏவுகணையை, அடியும் தண்டும் முடியுமாக நிமிர்ந்து நிற்கும் அதனை, மலர்க்காம்புகளை வரைந்து பழகிய கண் எங்ஙனம் கண்டிருக்கும்! சிறியதைப் பெரிதாக்கிப் பழகியவர், தாமாகவே பெரிதாக நிற்பதைத் தாளுக்குள் அடக்கவேண்டியவரானார்.

ஆயினும் மக்கள் விரும்பியது பூவையே. வாங்குவோர் பூவைக் கேட்டனர். அவரும் பூவை வரைந்தார். 1970களிலே நியூயோர்க்கின் மேற்கு 12ஆம் தெருவிற் பழைய குதிரைலாயம் ஒன்றை வாங்கி, அதனைப் பெரியதோர் ஓவியச்சாலையாகவும் இல்லமாகவும் மாற்றியமைக்கும் வசதி அவருக்குக் கிட்டியது. அவர்தம் மலர்கள் யாவும் ஒரே தரத்தின என்று கூறுதல் நேர்மையாகாது. முன்னைய மலர்களிலே காணும் தேடல் பின்னைய சிலவற்றில் இல்லை. கைப்பழக்கமே அவற்றில் முந்தி நிற்கின்றது. அழகிய வரவேற்பறைக்கு அழகிய பூ என்ற அளவில் அவை அமைதி பெற்றுவிடுகின்றன. பெரும்புகழ் ஒரு பொருளோடு இணைந்துவிட்ட கலைஞர் பலர்க்கும் நேர்ந்த இடர் இது.

1981ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 23ஆம் திகதி அமெரிக்கத் தபாற்பகுதி அவருடைய மலர்களை முத்திரையாக வெளியிட்டது. ரோஜா, கமீலியா, டாலியா, லில்லி என நான்கு. விலை ஒவ்வொன்றும் 18 சதம். நான்கும் ஒரு சதுரமாக ஒட்டியிருந்தன. வெளியீட்டு விழா ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள போர்ட் வலி என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. கமீலியா வளர்ப்போரின் சங்கம் அவ்வூரிலேயே உள்ளது. ஆளுயர மலர்களை வரைந்தவருடைய பூ, பெருவிரல் நகத்தினும் சிறிது பெரிதான தாளில் அடங்கியது. அங்கும் அது சட்டத்தை நிறைத்தே நின்றது. அச்சோவியம் என்றால் நூறு பிரதி, இருநூறு பிரதி. ஒவ்வொன்றிலும் ஓவியர் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுவர். முத்திரையோ எண்ணிலடங்காதது, கையொப்பமற்றது, நாவால் நனைத்து ஒட்டப்பட்டு, தபாற்காரரின் மையடி பட்டு, குப்பைக்குப் போவது. நெஸ்பிற்றின் பூவை மிகப் பலர் கண்டது இவ்வடிவிலேதான் ஆகலாம். அரசாங்கமே முத்திரையிட்டு அனுப்பும் அளவுக்கு யாருக்கும் தீங்கற்ற ஓவியர் என்று அவரை அன்று எவரும் கணித்திருப்பர்.

எட்டாண்டுகள் கழிந்தன. 1989ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் திகதி, புகைப்படக் கலைஞராகிய றொபேட் மேப்பிள்தோர்ப் எயிட்ஸ் நோயினால் 42ஆம் வயதிலே காலமானார். அவர் நெஸ்பிற்றின் நண்பர். அவரும் பூக்களைப் படம்பிடித்தவர். லில்லி, ரியூலிப், ஓர்க்கிட் என்பவற்றை இருண்ட பின்னணியில் ஒற்றையாக நிறுத்தி அவர் எடுத்த படங்கள் பெரும்புகழ் பெற்றவை. அவற்றோடு மனிதரின் உருவப்படங்களையும், நிர்வாண உருவங்களையும், பலரும் காணக் கூசும் பாலியற் காட்சிகள் சிலவற்றையும் அவர் எடுத்திருந்தார். இவையெல்லாம் சேர்ந்த ஒரு பெருங்காட்சியைப் பிலடெல்பியாவிலுள்ள சமகாலக் கலை நிறுவனம் 1988ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. அரசாங்கக் கலைநிதியிலிருந்து அதற்கு 30,000 டொலர் உதவுதொகை கிடைத்திருந்தது. பிலடெல்பியாவிலும் சிக்காகோவிலும் குழப்பமின்றி நடந்த அக்காட்சி, 1989 யூலை 1ஆம் திகதி வாஷிங்ரனில், கோர்க்கொரன் கூடத்திலே திறக்கப்படவிருந்தது.

இதற்குள் காங்கிரஸ் சபையிலே பொதுப்பணம் எத்தகைய கலைக்குச் செல்கின்றது என்ற விவாதம் மூண்டுவிட்டது. செனற்றர் ஜெசி ஹெல்ம்ஸ் முதலியோர் கடுமையாகக் கண்டித்தனர். காட்சி திறப்பதற்கு மூன்று வாரங்களுக்குமுன், யூன் மாத நடுவில், கோர்க்கொரன் கூடம் அதனைக் கைவிட்டது. அரசியற் சச்சரவில் ஈடுபட விரும்பவில்லை என்பதே அக்கூடம் கூறிய காரணம். அரசாங்கக் கலைநிதிக்கே ஊறு நேருமோ என்னும் அச்சமும் அதனுள் இருந்தது. அவ்வச்சம் பொய்யானதன்று என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ‘கலைக்கென அர்ப்பணிக்கப்பட்டது’ என்ற வாசகத்தின் கீழே நின்று சச்சரவுக்கு அஞ்சுகின்றோம் என்று கூறுதல் அவ்வாசகத்துக்குப் பொருந்துவதோ? யூன் 30ஆம் திகதி இரவு நூற்றுக்கணக்கானோர் அக்கட்டடத்தின் முன் திரண்டு, மேப்பிள்தோர்ப்பின் படங்களை அதன் வெண்சுவரின்மேலேயே ஒளிக்கருவியாற் பாய்ச்சிக் காட்டினர். உள்ளே இடமில்லையென மறுக்கப்பட்ட படங்கள் வெளியே கட்டடத்தளவு பெருத்துத் தோன்றின. யூலையில் அந்நகரிலேயே வேறொரு சிறிய கலையமைப்பு அக்காட்சியை ஏற்று நடத்தியது. பல்லாயிரம் பேர் சென்று கண்டனர்.

நெஸ்பிற் இவ்வேளையிலேயே தம் முடிவை வெளியிட்டார். கோர்க்கொரன் கூடத்துக்குத் தாம் விட்டுச்செல்வதாக இருந்த கொடை இனி அதற்கில்லை. அது பிலிப்ஸ் கூடத்துக்கு உரியது என்றார். இது நண்பருக்காகச் செய்த செயல் மட்டுமா? தம் முதற்காட்சியை நடத்திய கூடத்தோடு அவருக்குப் பகையில்லை. இருபத்தைந்து ஆண்டு நன்றியுணர்வு இருந்தமையாலன்றோ அதற்குப் பெருங்கொடை எழுதினார்! ஆகவே அவருக்கு அது எளிதான முடிவாக இருந்திருக்க முடியாது.

செல்வத்தைக் காட்டிக் கலைக்கூடத்தை அடக்க முயல்வதில் செனற்றருக்கும் ஓவியருக்கும் வேறுபாடு யாது என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. இருவரும் பணத்தின் வாயிலாகவே பேசினர். ஆனால் ஒருவர் கையாண்டது பொதுமக்கள் பணம். மற்றவர் கையாண்டது வாழ்நாளெல்லாம் வரைந்து தேடிய தம் பணம். ஒருவர் ஒரு படத்தைக் காட்டாதிருக்கும்படி நெருக்கினார்; மற்றவர் காட்டாதுவிட்டதன் பின், அக்கூடத்தின்மேல் தாம் வைத்த நம்பிக்கையை மீட்டுக்கொண்டார். கொடை என்பது கட்டடத்துக்குக் கொடுப்பதன்று. அக்கட்டடம் எதற்காக நிற்கின்றதோ அதற்குக் கொடுப்பது. பழைய மாணவரின் கொடைகளால் வளர்ந்த கல்லூரிகளை நடத்துவோர் இந்நுட்பத்தை நன்கு அறிவர்.

பூ வரைந்தவர் இதிலே தலையிட்டது வியப்பன்று என்று நான் கருதுகின்றேன். மேப்பிள்தோர்ப் ஒரு பூவையும் ஓர் உடலையும் ஒரே விளக்கொளியில், ஒரே கண்ணால் நோக்கினார். நெஸ்பிற்றும் பூவையும் கணனியையும் பழஞ்சப்பாத்தையும் ஒரே கண்ணால் நோக்கியவர். பார்க்கத்தக்கது இது, பார்க்கத்தகாதது அது என்று பொருள்களை முன்னரே வகுத்துவைக்கும் மனத்தினால் அவர் ஒரு படமும் வரைந்திருக்க இயலாது. மேப்பிள்தோர்ப்பின் படங்கள் யாவும் ஏற்கத்தக்கன என்று நான் சொல்ல வரவில்லை. என் போன்றோர்க்கு அவற்றுட் சில மனம் ஒப்பாதவை. ஆயினும் காட்சியைக் கைவிட்டபோது, கூசும் படங்களோடு லில்லியும் ரியூலிப்பும் சேர்ந்தே கைவிடப்பட்டன.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். வேறு சில கலைஞரும் கோர்க்கொரனில் நடத்தவிருந்த தம் காட்சிகளைக் கைவிட்டனர். 1989 செப்ரெம்பரில் அக்கூடம் தன் செயலுக்கு வருத்தம் தெரிவித்தது. டிசம்பரில் அதன் பணிப்பாளர் பதவி விலகினார். அதே காட்சியை நடத்தியமைக்காகச் சின்சினற்றி நகரக் கலைநிலையத்தின் பணிப்பாளர் மீது 1990இல் வழக்குத் தொடரப்பட்டது. யூரர்கள் ஒக்ரோபர் 5ஆம் திகதி அவரை விடுவித்தனர். நெஸ்பிற் 1993ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி நியூயோர்க்கில், 59ஆம் வயதிலே மறைந்தார்.

கோர்க்கொரன் கூடம் பணமுடையால் நலிந்து 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் ஓவியங்களிற் பெரும்பகுதியைத் தெரிந்தெடுக்கும் உரிமை தேசிய ஓவியக்கூடத்துக்குக் கிடைத்தது. எஞ்சியவை வேறு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. கட்டடமும் அதனோடிருந்த கலைப்பள்ளியும் ஜோர்ஜ் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டில், அதே கட்டடத்தினுள், மாணவரும் மற்றோரும் காண ஒரு சிறு காட்சி வைக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட மேப்பிள்தோர்ப் காட்சியைப் பற்றிய பழைய கடிதங்களும் பத்திரங்களும் அதில் இடம்பெற்றிருந்தன. கைவிட்ட நாளாகிய 1989 யூன் 13 என்பதே அக்காட்சியின் பெயர்.